ஆறாம் எண்ணுக்கு விழுந்த பத்து

ஜூலை 3, வியாழன்

காலையில் தூறல், பிறகு வெயில். தையல் மிஷினுக்கு எண்ணெய். கறுப்புத் துணி போதவில்லை, இன்னும் இரண்டு மீட்டர்.

சனிக்கிழமை சோதனை. கடலில் கைட் பிடித்துச் சறுக்கக் கற்றுத்தரும் நாசர் பாய்க்குப் புது கைட் வாங்க வேண்டும். எது நல்லது என்று மூன்று கில்லாடிகள் ஓட்டிப் பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவார்கள். பிராண்ட் தெரிந்தால் பெயருக்குத்தான் மார்க் விழும். அதனால் எழுத்தையெல்லாம் துணி தைத்து மறைக்கும் வேலை எனக்கு. இங்கே கிழிந்த கைட் தைப்பவள் நான்தானே.

விதிகள்:
- கையில் பிடிக்கும் பார் எல்லாவற்றுக்கும் ஒன்றே.
- கைட் மேலே ஏறும்வரை ஓட்டுபவர் கடலைப் பார்த்து நிற்க வேண்டும்.
- தாளில் ஒரு யூகக் கட்டம். யார் செய்த கைட் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் அந்த மார்க் செல்லாது.

கடைசி விதி நான் சொன்னது. பாய்க்கு ஒரே குஷி. "நல்ல மூளை லா புள்ள உனக்கு."

ஜூலை 4, வெள்ளி

புழுக்கம். ஐந்து கைட் கடையில் வாங்கியவை. ஆறாவது நான் தைத்தது. பாய்க்கு மட்டும் தெரியும்.

மூன்று பேரில் ஒருவர் குணா. என் வீட்டுக்காரர். போன நவம்பரில் பையை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனவர் திரும்பவில்லை. போகும்போது சொன்னது: "நீ தைச்சத நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம், நீ என் பொண்டாட்டிங்கிறதுக்காகத்தான்."

எட்டு மாதமாக இந்த ஒரு வாக்கியம். நான் தைத்தது என்று தெரியாமல் அவர் நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேண்டும் எனக்கு.

என் கைட் முன்பு இடது பக்கம் இழுக்கும். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த குறை. பிரித்துத் தைத்துவிட்டேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ரொட்டி சானாய் பாதிதான் சாப்பிட்டேன்.

ஜூலை 5, சனி

சுங்கை பெசார் கடற்கரை. மூன்று மணிக்கு நல்ல காற்று. முழங்கால் வரை சேறு.

கு. மெலிந்திருக்கிறார். "சாப்பிட்டியா, சுமதி?" வீட்டில் சுமா என்று கூப்பிட்டவர். "ம்" என்றேன்.

ஆறாம் எண்ணை எடுத்துப் போனவர் நெடுநேரம் கரைக்கு வரவில்லை. வந்ததும் பாயிடம், "இந்த ஆறு சூப்பர் லா, பாய்."

நான் பாட்டுக்குக் காற்றடிக்கும் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு காருக்குள் அழுகை. சந்தோஷம்தான். அசாம் ஜாவா ஊருக்கு வந்து சேரும்வரை பாட்டு வேறு.

ஜூலை 6, ஞாயிறு

மழை. பாய் கடையில் தாள்களைப் பிரித்தோம்.

6-ம் எண். முதல் ஆள்: 5. இரண்டாவது ஆள்: 6. இருவர் குறிப்பும் ஒன்றே: இடது பக்கம் இழுக்கிறது.

கு.: 10. குறிப்பு: இடது பக்கம் இன்னும் இழுக்குது.

இன்னும்.

மற்ற ஐந்துக்கும் அவர் ஏழு மார்க்கைத் தாண்டவில்லை. யூகக் கட்டத்திலும் ஒன்றும் எழுதவில்லை. ஆறுக்கு மட்டும் எழுதியிருக்கிறார். என் பெயரை.

ஆக, தெரிந்து போட்ட பத்து. பாவம் பார்த்துப் போட்டது. நேற்று காரில் பாடினேனே, வெட்கமாக இருக்கிறது.

பாய் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "விடும்மா. நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்."

"விதி என்னோடது, பாய்."

பத்தைக் கோடு போட்டு அடித்தேன்.

சுமதி என்று எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். சுமா என்று எழுதியிருக்கிறார்.