மாட்டு பீட்ரூட்டுக்கு மண் அணைத்த வருடம்

அக்டோபர் 24

விதை போட்டு முடித்தேன். நாற்பது வரிசை. சீலோவே தீவில் இந்தப் பக்கத்தில் உருளைக்கிழங்கைத் தவிர யாரும் எதுவும் நட்டதில்லை. எனக்கும் இதுதான் முதல் தடவை. விவசாய அலுவலகத்துப் பெண் விதையோடு கொடுத்த தாளை அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

என் புருஷன் எலிசெயோ அதன் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, "மாட்டுக்குன்னு தனியா ஒரு பீட்ரூட்டா? மகாராணிங்கதான்" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "இந்தக் குளிர்காலத்துல ஒரு மாடு விழுந்தாலும் அஞ்சையும் வித்துட்டு டவுனுக்குப் போயிடறோம். சரியா?"

சரி என்றேன். போன குளிர்காலத்தில், ஆகஸ்டில், புல் இல்லாமல் இரண்டு மாடுகள் விழுந்தன. கயிறு கட்டித் தூக்கியும் நிற்கவில்லை. அவற்றின் கண்களை அவனும்தான் பார்த்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு டவுன் வேண்டாம். மாடுகள்தான் வேண்டும்.

அக்டோபர் 25

எலிசெயோ கடலில் சால்மன் மீன் வளர்க்கிற கூண்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். இருபது நாள் கடலில், பத்து நாள் வீட்டில்.

டிசம்பர் 3

ஒரு விதையில் மூன்று நான்கு முளைகள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும் என்கிறது தாள். மனசே வரவில்லை, ஆனாலும் பிடுங்கினேன். பக்கத்து நிலத்து நெல்டா வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"நட்டதைத் தானே பிடுங்குறவளை இப்பத்தான்டி பாக்குறேன்."

"இடம் இருந்தாத்தான் கிழங்கு பெருக்கும்க்கா."

"பைத்தியம் முத்திப்போச்சு உனக்கு" என்று சொல்லிவிட்டு, அரை வரிசை அவளும் பிடுங்கிக் கொடுத்தாள். முதுகு விட்டுப்போச்சு. இன்னும் பதினெட்டு வரிசை.

டிசம்பர் 11

களை. களை. களை.

ஜனவரி 17

கிழங்கு என் முஷ்டி அளவுக்கு வந்துவிட்டது. தாளில் சொன்ன மாதிரியே பாதி மண்ணுக்கு மேலே நிற்கிறது, ஆரஞ்சு நிறத்தில். காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் போகிறேன்.

நாளைக்குப் பல் பிடுங்க காஸ்த்ரோ டவுனுக்குப் போகவேண்டும். எலிசெயோ வீட்டில்தான் இருக்கிறான். மாடுகளைப் பார்த்துக்கொள்வான்.

ஜனவரி 19

கடைசி பஸ் போய்விட்டதால் நேற்று ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு இன்று மத்தியானம் வந்தேன். வீங்கின கன்னத்தோடு வாசலில் இறங்கினால் நெல்டா, அவள் புருஷன், அவள் மைத்துனன் மூன்று பேரும் என் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எலிசெயோ முகமெல்லாம் சிரிப்பு. "போய்ப் பாரு" என்றான்.

போய்ப் பார்த்தேன்.

நாற்பது வரிசைக்கும் மண் அணைத்துவிட்டார்கள். உருளைக்கிழங்குக்கு அணைக்கிற மாதிரியே, அழகாக, ஒரே உயரத்தில். ஒரு கிழங்கு வெளியே தெரியவில்லை. குருத்துவரை மண். மிங்கா வைத்திருக்கிறான் - அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, சோறு போட்டு, ஒன்றரை நாள் வேலை. எனக்கு ஆச்சரியம் கொடுக்க.

என்ன பண்ணி வச்சிருக்கீங்க, இது மூச்சு விடவேணாமா, அழுகிடுமேன்னு கத்தினேன். எல்லார் முன்னாடியும். தாள் ஆணியிலேயேதானே தொங்குது, ஒருத்தராவது படிக்கக்கூடாதான்னு கேட்டேன். நெல்டா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். "உனக்கு நல்லது பண்ண வந்தோம் பாரு" என்றாள். மூன்று பேரும் பாதிச் சாப்பாட்டில் போய்விட்டார்கள்.

எலிசெயோ தட்டுகளை எடுத்து அடுக்கினான். அவன் உள்ளங்கையில் கொப்புளம். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் என் நிலத்தில் அவன் மண்வெட்டி பிடித்தது இதுதான் முதல் தடவை. அதற்குத்தான் அவனைத் திட்டினேன்.

ஜனவரி 22

எலிசெயோ கடலுக்குக் கிளம்பிப் போனான். நான் கையால் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருக்கலாம்.

ஜனவரி 27

இருபத்தொன்பது வரிசையில் மண்ணை விலக்கிவிட்டேன். விடாத மழை. மிச்சம் பதினொன்று சேறாகிவிட்டது.

மார்ச் 2

அந்தப் பதினொன்றும் போய்விட்டது. குருத்து அழுகி நாற்றம். மற்றதெல்லாம் என் தலை அளவு. பொய் சொல்லவில்லை, தொப்பியை மாட்டிப் பார்த்தேன்.

ஜூன் 10

அறுவடைக்கு ஆள் வேண்டும். மிங்காவுக்கு வீடு வீடாகப் போய் நேரில் கூப்பிட வேண்டும், அதுதான் வழக்கம். சோற்றைப் போட்டுத் திட்டினவள் கூப்பிட்டால் யார் வருவார்கள்? நெல்டா வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவளே வந்து கதவைத் திறந்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புக்கா."

"பிடுங்கத்தானே கூப்பிடுறே? மண்ணு கிண்ணு போடணுமா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பார்க்காத மாதிரி உள்ளே போய் ரொட்டி எடுத்துவந்தாள்.

ஜூன் 14

பிடுங்கிவிட்டோம். கத்தி பட்டால் கிழங்கு அழுகும், இலையைத் திருகித்தான் எடுக்கவேண்டும். இந்தத் தடவை எலிசெயோ வேலைக்கு முன்னால் தாளை எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினான், பாதிரியார் மாதிரி. என்னைப் பார்க்காமல்தான். ஆனாலும் படித்தான்.

கொட்டகையில் குவியல் என் தோள் உயரம். அந்தப் பதினொன்றும் இருந்திருந்தால் ஆகஸ்ட் முடிய வந்திருக்கும். இப்போது ஆகஸ்ட் பாதியோடு சரி. அதற்குப் பிறகு புல் முளைத்தால் உண்டு.

ஜூன் 22

முதல் நாள் தலைக்கு ஒரே ஒரு கிழங்கு, நறுக்கி, வைக்கோலுக்குப் பிறகு. ஒரேயடியாகக் கொடுத்தால் வயிறு புளித்துச் செத்துப்போகும். எங்கள் பசு பலோமா இன்னும் கேட்டு என் பாவாடையைக் கடித்து இழுத்தாள்.

ஜூலை 19

ஐந்தும் நிற்கின்றன. முதுகெலும்பு தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

பலோமா விழுந்துட்டா.

நேத்துதான் கன்னு போட்டா. காலையில கொட்டகையில மடங்கிக் கிடக்கறா, காது சில்லுன்னு இருக்கு. கிழங்கு இன்னும் இருக்கே, நல்லாத்தானே தின்னா? நான் எங்க தப்புப் பண்ணினேன்?

நெல்டா ஓடிப்போய் மாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தாள். "இது பசி இல்லம்மா. பால் காய்ச்சல். சுண்ணாம்புச்சத்து மொத்தமும் பால்ல போயிடுச்சு" என்றார். கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் பின்னங்காலை ஊன்றி எழுந்தாள். எழுந்ததும் கிழங்குத் தொட்டியைத் தேடினாள்.

எழுந்துவிட்டாள். ஆனால் விழுந்தாள். ஒரு மாடு விழுந்தாலும் டவுன் என்றுதான் பேச்சு.

ஆகஸ்ட் 6

எலிசெயோ போன் பண்ணினான். "எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

அந்த நிமிஷத்தில் ஐந்தும் நின்றுகொண்டுதான் இருந்தன. அதனால் பொய் இல்லை என்று ராத்திரி வரை எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்தான்.

ஆகஸ்ட் 11

வாசலிலேயே, அவன் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னேன். "பலோமா விழுந்தா. மூணாம் தேதி. நான் மறைச்சுட்டேன்."

"தெரியும். நெல்டா அன்னைக்கே போன் பண்ணிட்டா."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேட்டே?"

அவன் பையைத் திறந்தான். கம்பளிக் காலுறைக்குள் ஒவ்வொன்றாகச் சுற்றி நான்கு பாட்டில் கால்சியம். "இன்னும் நாலு மாடு கன்னு போடணும்ல?" என்றான்.

பாட்டில்களை என் கையில் கொடுத்துவிட்டு, பூட்ஸோடு அப்படியே கொட்டகைப் பக்கம் போனான். நான் அவற்றைத் தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு அவனுக்குச் சாப்பாடு சூடு பண்ணினேன்.