ஊருணிப் படம் எங்கிருந்து வந்தது

என் உயிரான மச்சானுக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் புதுக்கோட்டையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு உங்கள் ஊருணிப் படத்தை நம் மகள் ஷமீமா கொடுத்திருந்தாள். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

படங்களை விளக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். உங்கள் படத்தின் முன்னால் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

“தாமரையைப் பக்கத்துலேருந்து பார்த்து வரைஞ்சிருக்காரு, மீனை மேலேருந்து பார்த்து வரைஞ்சிருக்காரு. கோணமே தப்பு. ஏதோ காலண்டரைப் பார்த்துப் போட்டது” என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஷமீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாத நான், “கொஞ்சம் நில்லுங்க சார்” என்றேன்.

“நீங்க யாரும்மா?”

“வரைஞ்சவுகளோட சம்சாரம். அறந்தாங்கி. அவுக தெரிஞ்சுதான் சார் அப்படி வரைஞ்சாக.”

கல்யாணமான புதிதில் நாம் பஸ் ஏறிச் சித்தன்னவாசல் போனதைச் சொன்னேன். குகையின் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தை நீங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததையும், காவலாளி இரண்டு தடவை கூப்பிட்டும் அசையாததையும் சொன்னேன்.

“அதுலயும் மீனு பூவுக்கு நடுவுலதான் சார் நீந்தும். கிட்ட, தூரம்னு பிரிச்சுக் காட்டிருக்காது. அந்தக் குளத்தைத்தான் அவுக எங்க ஊருணிக்குக் கொண்டுவந்தாக.”

அவர் திரும்பி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இலைகளின் விளிம்பில் ஓடும் நீலம் கலந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினார்.

“இது அங்க கிடையாதேம்மா?”

“அது சார்ஜாவுல வந்தது. பதினாறு வருஷம் வெல்டிங் வேலை பார்த்தாக. பத்தவைக்கயில இரும்போட ஓரம் இப்படித்தான் எரியும்னு சொல்லுவாக.” கொஞ்சம் யோசித்து, “கரையில நிக்கிற அந்தப் பொண்ணு சேலையில இருக்குற ரோஸ் மட்டும் காலண்டருதான் சார்” என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும்தான்.

“நான் அவசரப்பட்டுட்டேன்மா” என்றவர், முன்னால் போனவர்களையும் திரும்பக் கூப்பிட்டு, நான் சொன்னதையே அவர்களுக்கு விளக்கினார். பேச்சுக்கு நடுவே “இந்த ஓவியர்” என்று உங்களைச் சொன்னார், மச்சான்! ஷமீமா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சார்ஜாவிலிருந்து போனில் நீங்கள் கோடு, நிறம் என்று பேசும்போது நான் சும்மா ‘உம்’ கொட்டுகிறேன் என்றுதானே நினைத்தீர்கள்? ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமலே போய்விட்டீர்களா?

பெட்டியில் இருந்த மற்ற படங்களையும் எடுத்து வைத்திருக்கிறோம். எது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஷமீமா எழுதி வருகிறாள். எந்த ஊர்ச் சுவரில் மாட்டினாலும் சரி, உங்கள் படத்தைச் சரியாகப் பார்க்காமல் யாரையும் நகர விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
நூர்ஜஹான்