டப்பாவைத் திறந்தவன் நீ

மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு நீயே வழி பார்த்துக்கொள்வாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

உன் அண்ணன் மகன் பாலம் கட்டும் கம்பெனியில் சேர்ந்து, வந்த வேகத்திலேயே ஆபீசில் தனி அறை வாங்கிவிட்டான். அவன் தங்கை நீச்சலில் ஜெயித்துக் கொண்டுவந்த கோப்பையில்தான் என் பேனாக்கள் நிற்கின்றன. உன் தம்பியின் கடைக்குட்டி, பேச்சு வரவில்லை என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, இப்போது வாயை மூடமாட்டேன் என்கிறது. உன் அக்கா மகளையும் இந்த வரிசையில் எழுதத்தான் ஆசை. உன் ஆய்வுக்கூடத்திலேயே அவளுக்கு இடம் கிடைத்தபோது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது அவள் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

அவள் கவனக்குறைவால்தான் சில்லு பாழானது என்று நீ எழுதிக் கொடுத்தாயாமே. மாதக் கடைசியில் விசாரணை, அதில் உன் பேச்சே நின்றால் அவள் படிப்பு போச்சு. அப்படி என்னடி சில்லு அது என்று கேட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினாள். நகத்தளவு சில்லில் தங்கக் கோடுகள் போட்டு மின்சாரம் விட்டால், மின்னேற்றிய ஒற்றை அணு அதற்குமேல் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்குமாம், அதை வைத்துத்தான் நாளைக்குப் புதுவிதக் கணினி செய்யப் போகிறீர்களாம். தங்கத்தில் துளி அழுக்குப் பட்டாலும் அணு ஆடி ஓடிவிடும், முகமூடி போடாம பக்கத்துல மூச்சுகூட விடக்கூடாது பாட்டி என்றாள். எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் போனில் என்ன சொன்னாய்? பெரிய மனுஷங்க வந்தாங்கம்மா, கண்ணாடிக்கு வெளியே நின்னா என்ன தெரியும்னு சில்லு இருந்த டப்பாவைத் திறந்தே காட்டிட்டேன், ஒருத்தர் குனிஞ்சு பார்த்து அது மேலேயே தும்மிட்டார், சிரிச்சு மாளலை என்றாய். அஞ்சாம் வகுப்புக்காரிக்கு என்ன புரியும் என்று நினைத்துத்தானே அதை என்னிடம் சொன்னாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் அதே சில்லைத்தான் காற்று உறிஞ்சிய கலத்துக்குள் வைத்து மூடியிருக்கிறாள், அணு நிற்கவில்லை, பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

தும்மலைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்றால், மாமாவை நாலு பேர் முன்னால எப்படிப் பாட்டி சொல்றது என்கிறாள். அந்த வெட்கம் உனக்கல்லவா இருக்க வேண்டும். உன் அக்கா கூப்பிட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாயாம். கூடப் பிறந்தவள் பெற்றதை ஏணியாக்கி மிதித்துவிட்டு, மீட்டிங்கில் உட்கார உனக்கு எப்படி முடிகிறது?

விசாரணைக்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு. இல்லாவிட்டால் விசாரிக்கிறவர்களுக்கு நானே எழுதுவேன். என் கையெழுத்துக் கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ. பெற்ற வயிறு, நன்றாக இரு என்றுதான் சொல்ல வருகிறது, சொல்லிவிட்டேன். உன் அக்கா மகளும் நீயும் அந்தக் கலத்தின் பக்கத்தில் சேர்ந்து நிற்கிற மாதிரி புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. அவள் இல்லாத படமானால் தபால்தலையை வீணாக்காதே.

உன் அம்மா