நீ பழக்கிய பாலிமர் தம்பி

என் செல்லச் சண்டைக்கார அக்காவுக்கு,

நாகர்கோவில் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் வீட்டுக் காலிங்பெல் காலமானது. மின்கோளாறு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே சூயிங்கம் ஒட்டியது யாரென்று விசாரணை இன்னும் தொடங்கவில்லை. இப்போது எல்லாரும் கதவைத்தான் தட்டுகிறார்கள். உன்னைப்போல ரெண்டு வேகம், ஒண்ணு நிதானம் என்று தட்ட ஒருத்தருக்கும் வரவில்லை.

அடுத்த செய்தி. உன்னோடு லேபில் ஆராய்ச்சி செய்த ஷீபா அக்கா, நீ செய்த பாலிமர் துண்டைக் கொண்டுவந்து தந்தார். நகத்தளவு பிளாஸ்டிக் சவ்வு, ஒரு பொத்தான், குட்டி விளக்கு. அமுக்க அமுக்க வெளிச்சம் கூடி, கொஞ்ச நாள் அந்த அளவிலேயே நிற்கும். மூளையில் நரம்பும் நரம்பும் சேருமிடம் பழகுவதுபோல இதுவும் பழகுமாம். கவனிக்காமல் விட்டால் மறந்தும் போகுமாம்.

இவனைத்தானே நீ சாப்பிடும்போது, "அவன் இன்னைக்கு நல்லாப் படிச்சான்" என்றாய்? என்னைத்தான் சொல்கிறாய் என்று நான் இன்னொரு மீன்துண்டு எடுத்துக்கொண்டேனே! அவனுக்கு ஒரே பாடம் ஆயிரம் தடவை, முகம் சுளிக்காமல். எனக்கு அல்ஜீப்ரா மூன்றாம் தடவைக்கே ஸ்கேலடி. நான் சதைத்தம்பி, அவன் சவ்வுத்தம்பி. சலுகை மட்டும் சவ்வுக்கா?

அம்மா அவனை மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். எனக்கு உன் குரல் கொஞ்சம் கொஞ்சமாய் நழுவுகிறது அக்கா. அவன் மட்டும் நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு எரிகிறான். எனக்கு எரியாதா?

ஷீபா அக்கா கிளம்பும்போது சொன்னார்: "மக்கா, இடைக்கிடை அமுக்கணும், இல்லேன்னா ஓர்மையெல்லாம் மறந்து மங்கிரும். ஆனா நீ அமுக்குனா உனக்க ஓர்மையும் அதுல சேரும். பொறவு அவளுக்க ஓர்மைய மட்டும் தனியா பிரிக்க முடியாது."

தொடவே கூடாது என்று முடிவெடுத்தேன். மறக்கட்டும், அப்போதுதான் நாங்கள் ரெண்டுபேரும் சமம். விளக்கு நாளுக்கு நாள் மங்கியது. ஒரு வாரம் விரல்கூட நீட்டவில்லை. உன் தம்பி இரும்பு நெஞ்சன்.

சரி, ஒரு வாரம் என்றது பொய். நாலாம் நாள் காலை, யூனிஃபார்மோடு போய்ப் பார்த்தேன். எரிகிறதா இல்லையா என்று கையைக் குவித்து மறைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தது. அமுக்கிவிட்டேன். ரெண்டு வேகம், ஒண்ணு நிதானம். பஸ் போயே போய்விட்டது.

அதிலிருந்து தினமும் அமுக்குகிறேன். உன்னது எது, என்னது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கெடுத்துவிட்டேனா அக்கா? நாளைக்கும் அமுக்குவேன். அவனை மறக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் தம்பிகளில் மூத்தவன்