அண்ணன் சட்டையை அப்பா பார்த்த நாள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பாதிப் பொய், உடம்பு மட்டும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா விஷயம் சொல்கிறேன், பதறாதே. உன் அண்ணன் போனதிலிருந்து மனுஷர் மேடையில் நின்றாலும் புத்தி அங்கே இல்லை. ராஜா வேஷத்தில் யாரங்கே என்று கூப்பிட்டுவிட்டு, வந்து நின்றவரைப் பார்த்து, "என்னப்பா வேணும்?" என்று கேட்டுவிட்டார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, நான் திரைக்குப் பின்னால் ஊசியும் துணியுமாக உட்கார்ந்து அழுதேன். இப்படியே போனால் வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நாடகக் குழு முதலாளி சொல்லிவிட்டார். நடிப்பும் போனால் அவருக்கு என்ன மிச்சம், சொல்லு. அப்போதுதான் ஒரு டான்ஸ் டீச்சரை வரவழைத்தார்கள். ஒத்திகைக்கு முன்னால் அவள் கொட்டு அடிக்க அடிக்க எல்லோரும் தாளத்துக்குக் காலெடுத்து வைக்கணும், கொட்டு நின்றால் அப்படியே நின்று, எதிரே இருப்பவரிடம் கண்ணில் படுவதைச் சொல்லணும். கால் தாளத்தில் நின்றால் மனசும் ஓடாதாம். "இந்த வயசுல என்னைக் குதிரையாக்குறாளே" என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் பொய் சொல்லக்கூடாது, மெல்ல மெல்ல ஆள் தெளிந்தார். வசனம் தப்பவில்லை, நான் கண்ணாடி மாற்றியதைக்கூடக் கண்டுபிடித்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

போன வாரம் கொட்டு நின்றபோது அவருக்கு எதிரே மந்திரி வேஷக்காரர். அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது என் பையன் சட்டை" என்றார். அண்ணன் துணிகளை வீட்டில் வைத்துப் பார்க்க மாட்டாமல், ஒத்திகைக்கு யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்று நான்தான் வேஷப் பெட்டியில் போட்டிருந்தேன். மாதக்கணக்காக அந்தச் சட்டை அவர் முன்னாலேயே நடமாடியிருக்கிறது, கண்ணில் படவே இல்லை பாரு. காலரில் நான் போட்ட தையலைத் தடவித் தடவிப் பார்த்தார், அப்புறம் மந்திரியின் தோளில் சாய்ந்து அழுதார், கல்லும் கரைந்திருக்கும். சாவு வீட்டில்கூட அழாத மனுஷர். "நான் என்னம்மா பண்ணிட்டேன்?" என்று டீச்சர் கையைப் பிசைந்தாள், பாவம். வேஷம் அவருக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார், ஆனால் கவனம் வந்ததும் துக்கமும் கூடவே வந்துவிட்டது. நேற்று சாப்பிட உட்கார்ந்தவர், "ஆஸ்பத்திரியில சின்னவதானே பக்கத்துல இருந்தா, கடைசியா அவன் என்ன சொன்னானாம்?" என்று கேட்டார். எனக்கு மட்டும் தெரியுமா? நீ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேருமே பேச்சை மாற்றிவிட்டோமே.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இரு கண்ணே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் போடு. அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லு. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா