பல் டாக்டரின் மீன் தொட்டி

9.6.97 திங்கள்

மிச்சமிருந்த மூன்று பல்லையும் இன்றைக்கு அசரியா டாக்டர் பிடுங்கிவிட்டார். வாயில் பஞ்சு. பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். மகன் லோகுவுக்கு ஃபேக்டரியில் கொடுத்த டைரி, ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. ஐந்தாங்கிளாஸ் படிப்பு இதற்குப் போதும்.

டாக்டர் நமக்கு எதிர்வீடு. முன்னறையில் கிளினிக், வாசலில் மூன்று படி. பேஷண்ட் உட்காரும் இடத்தில் நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. ஐந்தாறு ஜாதி மீன். வாராவாரம் புதுசாகக் கப்பி என்கிற பொடி மீன் வாங்கி விடுகிறார்களாம், வாரத்துக்குள் காணாமல் போகிறதாம்.

“செத்தா மெதக்கணும் இல்ல பாட்டி? மெதக்கவும் இல்ல. இன்னா மாயமோ!” என்றாள் சீட்டு எழுதுகிற பெண் ஹில்டா, நான் என் முறைக்குக் காத்திருந்தபோது.

உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஆஸ்கராம் பெயர். வயிற்றைப் பார்த்தேன்.

“மாயம் இன்னா மாயம்? தோ, அது வயித்துல கீது உன் கப்பி” என்றேன்.

லோகு என் கையைக் கிள்ளினான். பெற்ற மகன், சூப்பர்வைசர், கிள்ளுகிறான்! வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தான். “உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா இன்னாம்மா சொல்லுவே? மீன் வித்தேன்னு மட்டும் சொல்லாத. பிளாட்ல எல்லார்கிட்டயும் கோவளத்துல நெலம் இருந்துச்சின்னு சொல்லி வச்சிருக்கேன்.”

நிலமா? எங்களிடம் இருந்தது ஒரு கட்டுமரம், இரண்டு கூடை.

10.6.97 செவ்வாய்

வித்தேன். முப்பத்தோரு வருஷம் வித்தேன். கேளம்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம். வஞ்சிரம், சங்கரா, வவ்வா, காரப்பொடி எல்லாம் வித்தேன். அந்தக் காசில்தான் அவன் பாலிடெக்னிக் படித்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? நான் யார் வீட்டிலாவது திருடினேனா?

16.6.97 திங்கள்

பல் செட்டுக்கு அளவெடுக்கப் போனேன். டாக்டர் ஆஸ்கரை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டாராம். ஒரு வாரமாக ஒரு கப்பியும் குறையவில்லை.

“எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். அறை நிறைய ஆள். மேல்வீட்டு சாமுண்டீஸ்வரியும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோகு சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை.

“மீன் வித்தவ டாக்டர் நானு. தெனம் நூறு வயித்தை அறுத்தவ. வஞ்சிரத்து வயித்துல கவலை மீனு இருக்கும், வாளை வயித்துல நெத்திலி இருக்கும். யார் யாரைத் துன்னுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

சாமுண்டீஸ்வரி சிரித்தாள். “நெலபுலம் இருந்துச்சின்னு சொன்னாரே உங்க பையன்? போகட்டும். மீனை அறுக்கத் தெரிஞ்சா வளக்கத் தெரிஞ்சிடுமா பாட்டி?”

எனக்கு ஏறிவிட்டது. டாக்டரிடம் சொன்னேன், “இந்தத் தொட்டிக்கு மீனு நான் பொறுக்கித் தரேன். ஒரு மாசத்துல ஒண்ணு செத்தாலும் இந்த மூணு படியை நான் ஏற மாட்டேன்.”

“அப்ப பல்லு?” என்றாள் ஹில்டா.

“பல்லுக்கும்தான்.”

டாக்டர் சரியென்றுவிட்டார். லோகுவுக்குச் சேதி மாடிப்படியிலேயே கிடைத்திருக்கிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டான்.

19.6.97 வியாழன்

ஹில்டாவோடு மேற்குத் தாம்பரம் வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் தேவானந்தம். பழைய கப்பியையும் கோல்டு மீனையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று.

நிறத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தேன். வாய் மேல்பக்கம் இருந்தால் மேலே மேயும், கீழே இருந்தால் தரையில் மேயும், நேராக இருந்தால் நடுவில். மூன்று இடத்துக்கும் ஆள் பிரித்துவிட்டால் தீனிக்கு முட்டிக்கொள்ளாது. பிறகு, பெரியதின் வாய்க்குள் சின்னது நுழையக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

மேலே மேய மோலி ஆறு. தரைக்கு மீசை வைத்த குட்டிக் கெளுத்தி நாலு. நடுவில் ஏஞ்சல் இரண்டு, பார்த்தால் நம் வவ்வா மாதிரியே, துடுப்பு மட்டும் முழ நீளம். அதோடு வரிவரியாகப் புலி பார்ப் நாலு.

“ஏஞ்சலோட அது வேணாம் ஆயா, பேஜாராயிடும்” என்றார் தேவானந்தம்.

“கொசு நுழையாத வாயி. அது இன்னாத்த முழுங்கும்?” என்றேன்.

“முழுங்காது ஆயா...”

“அப்புறம் இன்னா? புடி நாலு.”

30.6.97 திங்கள்

ஏஞ்சலின் துடுப்பு கிழிந்திருக்கிறது. இரண்டுக்கும். ஹில்டா வந்து சொன்னாள். ஓடிப்போய்ப் பார்த்தேன், பழந்துணி மாதிரித் தொங்குகிறது. ஒன்று மூலையில் சாய்ந்து நிற்கிறது.

எப்படி? முழுங்க முடியாதே. எந்த வயிறும் உப்பவில்லையே. நான் எதைப் பார்க்காமல் விட்டேன்?

லோகு: “தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடும்மா. பல்லுக்கு வேற டாக்டர்கிட்ட போலாம். ஏற்கெனவே மாடியில சிரிக்கிறாங்க.”

சிரிக்கட்டும். பல்லு இருக்கிறவங்க சிரிக்கட்டும்.

1.7.97 செவ்வாய்

காலை பத்து மணியிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். ஹில்டா கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

பதினொன்றரைக்குப் பார்த்துவிட்டேன். புலி பார்ப் ஒன்று பின்னால் வந்தது. ஏஞ்சலின் துடுப்பு நுனியை வெடுக்கென்று கடித்தது. துப்பியது. ஓடிவிட்டது. பசியே இல்லை அதற்கு, பக்கத்திலேயே தீனி மிதக்கிறது. அப்புறம் இன்னொன்று வந்தது. பொழுது முழுக்க அதே வேலை.

முப்பத்தோரு வருஷம் வயிற்றை அறுத்துப் பார்த்தவள் நான். தின்றது வயிற்றில் இருக்கும். கடித்துத் துப்பியது எந்த வயிற்றில் இருக்கும்? என் கைக்கு வந்தது எல்லாம் செத்த மீன். உயிரோடு அது பக்கத்து மீனை என்ன செய்தது என்று நான் எங்கே பார்த்தேன்? அந்தக் கடைக்கார ஆள் சொன்னான். அவன் வாயை அடைத்தேன்.

2.7.97 புதன்

டாக்டரிடம் எல்லார் எதிரிலும் சொன்னேன், தப்பு என்னுது, கடைக்காரர் சொன்னதுதான் சரி என்று. சாமுண்டீஸ்வரியும் இருந்தாள். அவளைப் பார்த்துத்தான் சொன்னேன், தரையைப் பார்த்து இல்லை.

புலி பார்ப் நாலையும் பிடித்து, தேவானந்தம் கடைக்குக் கொண்டுபோனேன். “நீ சொன்னதைக் கேக்கல நைனா” என்றேன். ஸ்டூல் போட்டார். இந்தத் தடவை வாங்குவதற்கு முன் ஒரு பகல் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தேன். எது துரத்துகிறது, எது ஒதுங்குகிறது, எது கூட்டத்தோடு போனால்தான் அமைதியாக இருக்கிறது. உடம்பில் முத்துப் பொட்டு வைத்த கௌராமி இரண்டைப் பொறுக்கினேன். பெரிசு, ஆனால் சாது. ஒரு மணி நேரம் பார்த்தேன், யாரையும் தொடவில்லை.

6.7.97 ஞாயிறு

மூலையில் நின்ற ஏஞ்சல் செத்துவிட்டது.

சொன்னது சொன்னதுதான்.

9.7.97 புதன்

பல் செட் தயார் என்று ஆள் வந்தது. போகவில்லை. லோகு கத்தினான். “மீனு செத்ததுக்கு யாராவது பல்லு வேணாம்பாங்களா? ஒரு மாசமா கஞ்சி குடிக்கிறே!”

“உனக்காகத்தாண்டா நெலம் இருந்த வூட்டுக்காரி மாதிரி இத்தினி வருஷம் வாயை மூடிகினு இருந்தேன். மீன் வித்தவளுக்கு ஒரு பேச்சுதான். படி ஏற மாட்டேன்.”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

தினமும் டாக்டர் வீட்டு வாசலில், படிக்குக் கீழே நின்று, கதவுக் கண்ணாடி வழியாகத் தொட்டியைப் பார்க்கிறேன். ஹில்டா உள்ளேயிருந்து விரலில் எண்ணிக் காட்டுகிறாள். குறையவில்லை. மிச்ச ஏஞ்சலுக்குத் துடுப்பு முளைக்கிறது.

14.7.97 திங்கள்

டாக்டர் மூன்று படியும் இறங்கி வந்தார். கையில் பல் செட், பின்னால் ஹில்டா நாற்காலியோடு. “ஏற மாட்டேன்னுதானேம்மா சொன்னீங்க? நான் எறங்க மாட்டேன்னு சொல்லலியே” என்றார். லோகு போய்ப் பேசியிருக்கிறான்.

வாசல் வேப்பமரத்தடியில், தெருவே பார்க்க, வாயைத் திறந்தேன். இரண்டு இடத்தில் குத்தியது. அங்கேயே ராவிச் சரி செய்தார். முகம் பார்க்கும் கண்ணாடியை லோகு பிடித்துக்கொண்டிருந்தான். சாமுண்டீஸ்வரி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள்.

“சாமுண்டி, பல்லு எப்படி கீது?” என்று கத்தினேன்.

“நல்லாத்தான் இருக்கு பாட்டி” என்றாள். வேறு என்ன சொல்வாள்?

2.8.97 சனி

மோலி குட்டி போட்டிருக்கிறது. மேலே மிதக்கும் செடிக்குள் பத்துப் பன்னிரண்டு ஒளிந்திருக்கிறதாம். ஏஞ்சல் வாய்க்குள் அது நுழையும், உடனே பிரித்து வை என்று வாசலில் நின்று சொன்னேன். இதற்கு வயிற்றை அறுத்துப் பார்த்த படிப்பே போதும்.

17.8.97 ஞாயிறு

லோகுவின் ஃபேக்டரி மேனேஜர் தசரதன், சம்சாரத்தோடு மறைமலை நகரிலிருந்து சாப்பிட வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய் மீன் தொட்டியில் வந்து நின்றது. அவர் புதுசாக வாங்கியிருக்கிறாராம், ஒன்றை ஒன்று கடித்துக்கொள்கிறதாம்.

லோகு, “எங்கம்மாவைக் கேளுங்க சார். அவங்க கூடையில மீன் வித்தவங்க” என்றான். மெதுவாகக்கூட இல்லை, நன்றாகவே.

முந்தானையில் கையைத் துடைத்தேன். காய்ந்த கையை இன்னொரு தடவை துடைத்தேன். வெளியே வந்து அவருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“தொட்டியில இப்போ யார் யாரு கீறாங்க, சொல்லுங்க” என்றேன்.