கிளாரினெட்டில் இல்லாத கோளாறு

அன்பு மகளுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நீ நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம், அப்பாவின் முன்பல்லைத் தவிர. சிரிக்காதே கண்ணு, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. போனில் சொல்ல வந்தால் அழுகை முட்டுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா கிளாரினெட் வாசிப்பதை நான் வீடியோ எடுத்துப் போடுகிறேன் இல்லையா, அதன் கீழே ஒருத்தர் விடாமல், "மேல் ஸ்வரத்துக்குப் போறப்ப காத்து ஒழுகுதே" என்று எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவின் முதல் ரசிகை நான், சும்மா விடுவேனா, வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். அப்புறம் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் அவர் சொன்னதுதான் சரி. வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனோம். அவர் ஊதினால் கணீரென்று இருக்கிறது. அப்பாவை ஊதச் சொல்லிக் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஒண்ணுமில்ல, இதைத் தாங்குற உங்க மேல்பல்லுதான் ஆடுது. அதுக்கு என்கிட்ட ஸ்க்ரூ இல்ல" என்றார்.

ஒரு சொத்தை கிடையாது, ஒருநாள் வலி என்று சொன்னதில்லை, அந்த மனுஷனுக்கா என்று பல் டாக்டரம்மாவிடம் ஓடினோம். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். பல் முழுசாக இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் எலும்பு பாதிதான் இருக்கிறது, கரை அரித்துப்போன ஆற்றோரத்து மரம் மாதிரி. ஈறுக்கடியில் பல்லழுக்கு கல்லாக இறுகிக் காரை கட்டி, அதில் கிருமிகள் குடியேறி நஞ்சைக் கக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. பல் நோய் பற்றி ஏதோ வீடியோ பார்த்திருந்த தைரியத்தில், "நஞ்சுதான் எலும்பைத் தின்னுச்சா" என்று கேட்டேன். "அது பாதிதாம்மா. நஞ்சை விரட்ட உடம்பு சண்டைக்கு வருது, சண்டை முடியவே மாட்டேங்குது, அதுல தன்னோட ஈறையும் எலும்பையும் தானே கரைச்சுக்குது" என்றார். நம் உடம்பே இப்படிச் செய்யுமா, சொல்லு! பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா என்று அப்பாவைக் கேட்டார். இவர் பெருமையாக, "வரும் டாக்டர், ஆனா அந்த இடத்துல நான் பிரஷ்ஷே படவிடமாட்டேன்" என்கிறார். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ரத்தம் வருகிற இடம்தான் கிருமி இருக்கிற இடமாம், அதைப் போய்ப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறார்.

போன எலும்பு பழையபடி வராதாம். ஈறுக்கடியில் சுத்தம் செய்து, ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு கட்டியிருக்கிறார்கள், மிச்ச எலும்பு தாங்குமா என்பது போகப் போகத்தான் தெரியும், அதுவரை ஊதக் கூடாது. "போனாலும் வேற பல்லு வெச்சுக்கலாம்" என்று டாக்டரம்மா தேற்றினார். "வெச்சுக்கலாம். என் சத்தம் வருமா" என்று அப்பா கேட்டார். அவர் அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

போன வாரம் நீ, "எனக்கும் ஈறுல ரத்தம் வருது, அப்பா மாதிரி அந்தப் பக்கத்தை விட்டுட்டுத் தேய்க்கிறேன்" என்றாயே, இந்தக் கடிதமே அதற்காகத்தான். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்கலையேன்னு இருந்துடாதன்னு எழுது" என்கிறார். உன் பெயரைச் சொன்னாலே பல் தெரியச் சிரிக்கிற மனுஷன், இப்போது வாயைக் கையால் மூடிக்கொண்டு சொல்கிறார்.

நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு தங்கம். நாளைக்கே பல் டாக்டரிடம் போ, போனதும் எனக்குச் சொல்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா